நகத்தில் தட்டாத கீறல்கள்

ஆலடிவிளை விலக்கில், நாலுவழிச்சாலை வளைகிற இடத்தில், காற்றாலைகள் வரிசையாக நின்று சுற்றுகிற பொட்டலுக்கு எதிரே, கார் விளக்குகளின் பிளாஸ்டிக் மூடியில் விழும் கீறல்களைத் தேய்த்து எடுக்கிற கோமதிநாயகத்தின் கொட்டகையில், ஒரு பங்குனி மாதத்து மதியம், மாட்டு டாக்டருடைய காரின் இடது பக்க விளக்கு பேசியது. "எனக்கு இந்த ஊரு பிடிக்கல. சொன்னா சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லாம இருக்கேன்" என்றது, டாக்டர் மனைவியின் குரலில். கோமதிநாயகம் உப்புத்தாளை வாளித் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்து, விட்ட இடத்திலிருந்து தேய்த்தார். இரண்டாவது இழுப்பில் கீறலும் இல்லை, குரலும் இல்லை. வெயிலில் காதுக்குள் என்னவெல்லாமோ கேட்கத்தானே செய்யும் என்று வலது பக்க விளக்குக்குப் போனார். அங்கே டாக்டருடைய குரல் இருந்தது. "எனக்கும்தான் பிடிக்கல" என்றது அது. டாக்டரோ எதிரே ஞானசுந்தரியின் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பருப்புவடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்தில் கீறல் விழாத கார் கிடையாது. ஆடி பிறந்துவிட்டால் கணவாய் வழியாக வருகிற காற்று பொடிமணலை அள்ளிக்கொண்டு வந்து ஓடுகிற வண்டியின் முகத்தில் அடிக்கும். இரண்டே வருடத்தில் புது விளக்கு மோர் குடித்து வைத்த டம்ளர் மாதிரி மங்கிப்போகும். கோமதிநாயகம் முதலில் விளக்கைச் சுற்றியுள்ள பெயிண்டில் டேப் ஒட்டுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரல் நகத்தை மூடியின் மேல் மெதுவாக ஓட்டுவார். நகம் தட்டினால் அது கல் அடித்த கீறல், தேய்த்துப் போகாது, மூடியையே மாற்றுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார். நகத்தில் தட்டாமல் கண்ணுக்கு மட்டும் தெரிகிற லேசான கீறல்தான் அவருடைய கீறல். அதற்கு ஆயிரம் நம்பர் உப்புத்தாள், பிறகு இரண்டாயிரம், பிறகு கன்னத்தில் வைத்தால்கூட உறுத்தாத மூவாயிரம், எல்லாம் தண்ணீரில் நனைத்து. கடைசியில் பனியன் துணியில் தொட்டுத் தேய்க்கிற காம்பவுண்டுப் பசை, அதற்கு மேல் மெழுகு. கல் அடித்த கீறல்கள் பேசவில்லை. லேசான கீறல்கள்தான் பேசின, அதுவும் ஒரே ஒரு தடவை, தேய்ந்து மறைகிற அந்த நொடியில் மட்டும்.

அது என்ன பேச்சு என்பது ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் சொல்ல வந்து சொல்லாமல் விழுங்கினது எதுவோ, அது முன்னால் பாய்கிற வெளிச்சத்தோடு கூடவே போய் மூடியில் உரசி நின்றுவிடுகிறது. இது எப்படி நடக்கும் என்று ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் ஒருவர் டீக்கடைச் சுவரில் கரியால் படம் போட்டு விளக்கினார். ஞானசுந்தரி கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தபோது அந்தப் படம் போய்விட்டது, யாரும் தேடவில்லை.

ஊர் இதைப் பார்த்து வாயைப் பிளக்கவில்லை, அதற்கெல்லாம் ஊருக்கு ஏது நேரம். யார் வண்டியில் என்ன இருக்கிறது என்பதில்தான் அதற்கு அக்கறை. ஒரு முழத் தூரத்துக்குள் காதை வைத்தால்தான் அந்தக் குரல் கேட்கும் என்பதால், வந்தவர்கள் எல்லாம் கோமதிநாயகத்தின் தோளில் ஏறாத குறையாகக் குனிந்து நின்றார்கள். கான்வென்ட் பள்ளி வேனைத் தேய்த்தபோது தலைமை ஆசிரியை தானே வந்து காது கொடுத்தார். முப்பத்திரண்டு குழந்தைகளின் குரலும் ஒன்றன்பின் ஒன்றாக "ஒண்ணுக்கு வருது மிஸ்" என்றன, மறுநாளிலிருந்து வேன் இரண்டு இடத்தில் நின்று போயிற்று. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக் காரைத் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்படித் தேய்த்த ஒரு காரில் "எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று ஒரு குரல் சொல்ல, எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள், குரல் மாப்பிள்ளையின் அப்பாவுடையது. சவ ஊர்தி ஒன்று வந்தது. நாலு வருடம் ஓடிய வண்டி, மூடியில் பெயருக்கு ஒரு கீறல் இல்லை, அது ஏன் என்று மூன்று நாள் பேசினார்கள். காருக்குள் ஏறியதும் "லைட்டு கெட்டுப்போவும், மனசுல உள்ளதச் சொல்லித் தொலை" என்று ஒருவரை ஒருவர் நச்சரித்துக்கொள்வது வழக்கமாகி, அதனால் சில வீடுகள் சிரித்தன, சில வீடுகள் இரண்டாகப் போயின. ஜவுளிக்கடைக்காரரின் விளக்கில் அவருடைய குரல் நாலு தடவை வேறொரு பெண்ணின் பெயரைச் சொல்லி, கேட்ட அவர் மனைவி விளக்கோடு தாய் வீட்டுக்குப் போன பிறகுதான் பஞ்சாயத்துத் தலைவர் ரேஷன் கடை வராந்தாவில் கூட்டம் போட்டார். தேய்க்கிற நேரத்தில் கோமதிநாயகத்தைத் தவிர யாரும் பதினைந்து அடிக்குள் வரக்கூடாது, கேட்டதை அவர் வெளியே விடக்கூடாது என்று முடிவாயிற்று.

மற்றவர்களுக்கு இது வேடிக்கையும் வம்பும். கோமதிநாயகத்துக்கு அப்படி இல்லை. மாட்டு டாக்டர் வண்டி பேசிய அன்றே அவர் மனது போய் நின்ற இடம், எட்டு மைல் தள்ளி மேலக்கரையில் இருக்கிற அண்ணன் பூதலிங்கத்தின் வெள்ளை டாக்சிதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் கோமதிநாயகம் மஸ்கட்டில் கார் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா இறந்துபோனாள். "நான் வாற வரைக்கும் எடுத்துராதீங்க" என்று போனில் அழுதுவிட்டு விமானம் ஏறி அவர் வந்து சேர்ந்தது மாலை நாலு மணி. மதியமே எடுத்துக் கொள்ளி வைத்து முடித்திருந்தார் பூதலிங்கம். "நாலு மணி நேரம் ஒன்னால பொறுக்க முடியலையா, அம்மா மூஞ்சிய எனக்குக் காட்டக் கூடாதுன்னு எத்தன நாளா நினைச்சிருந்த" என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கோமதிநாயகம் கேட்டதற்கு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றாரே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதோடு பேச்சு நின்றது. ஏன் பொறுக்கவில்லை என்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும், எந்தக் காரணமாக இருந்தாலும் கோமதிநாயகம் ஏற்றுக்கொண்டிருப்பார், பொய்க் காரணமாக இருந்தாலும்கூட. கன்னியாகுமரிக்குச் சவாரி போகிற வெள்ளை டாக்சி வாரத்துக்கு மூன்று தடவை கொட்டகையைத் தாண்டிப் போகும். கொட்டகைக்கு நேரே வரும்போது வேகம் குறையும், தாண்டியதும் வேகம் எடுக்கும். ஒரு நாள் அது உள்ளே திரும்பும், அன்றைக்கு அந்த விளக்கிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று கோமதிநாயகம் காத்திருந்தார்.

இதற்கிடையில் அவருக்கு ஊரில் இல்லாத மரியாதை வந்து சேர்ந்தது. கோமதிநாயகத்திடம் போனது கிணற்றில் போட்ட கல் என்று பேசிக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் வண்டிக்காரர் எழுந்து வருவார். என்ன கேட்டது என்று விசாரிக்க மாட்டார், அவர் முகத்தை மட்டும் பார்ப்பார். கோமதிநாயகம் ஒரு முறை தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது ஒரு மனுஷன் காதில் விழுந்துவிட்டது என்கிற நிம்மதியில் வந்தவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போவார். விளக்கு நன்றாகவே எரிகிற வண்டிகள்கூட அந்தத் தலையாட்டலுக்காகத் தூத்துக்குடியிலிருந்து வர ஆரம்பித்தன.

ஆனால் கேட்கிறவன் பாடு கேட்கிறவனுக்குத்தானே தெரியும். ஒரு வங்கி மேனேஜர் குடும்பம் வந்தது, புருஷன் பெஞ்சாதி மகள் மூன்று பேரும் ரசவடை தின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கில் அந்த அம்மாளின் குரல், "பெரியவன் இருந்தா இந்த சீட்டுலதான இருந்திருப்பான்" என்றது. அடுத்த கீறலும் அதையே சொன்னது. அதற்கு அடுத்ததும். நாற்பது கீறல்கள் இருந்தன, நாற்பதையும் அவர் தேய்த்தார், பிறகு தலையை ஆட்டி வழியனுப்பிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து அழுதார். அன்றும் மறுநாளும் சோறு இறங்கவில்லை. ஐப்பசியிலிருந்து அவர் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, தூசிக்குக் கட்டுகிறவர் போல் அதன் மேல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தேய்க்கலானார். யாரிடமும் சொல்லவில்லை. தலையாட்டலை மட்டும் விடவில்லை. கீறல் போகிறது, விளக்கு தெளிகிறது, வந்தவனுக்கு மனசு லேசாகிறது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். அந்த மரியாதை அவருக்கு வேண்டியிருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வெள்ளை டாக்சி உள்ளே திரும்புகிற அன்றைக்குத் துண்டை அவிழ்த்துப் பஞ்சை எடுத்துவிடுவது என்று மட்டும் வைத்திருந்தார்.

அவருடைய கொட்டகை முன்னால் கார் நின்றாலே அந்த வீட்டில் ஏதோ மூடி வைத்த சமாச்சாரம் இருக்கிறது என்று ஊர் கண் வைத்தது. அதனால் மானத்துக்கு அஞ்சியவர்கள் விளக்கை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி, யார் கையிலாவது கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள். கோமதிநாயகத்துக்கு அது நல்ல ஏற்பாடாகப் பட்டது. "விளக்கைக் கழற்றியும் கொண்டுவரலாம். யாருடையது என்று கேட்கப்படாது" என்று ஒரு பலகை எழுதி வைத்தார். அந்தப் பலகையில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தை மாதம் ஒரு காலையில், சேர்மக்கனி என்று ஒருவர், டிரைவர் இல்லாத வண்டிகளுக்கு நாள் கூலிக்கு ஓட்டப் போகிறவர், பழைய வேட்டியில் சுற்றிய இரண்டு விளக்குகளைக் கொண்டுவந்து வேலைப் பலகையில் வைத்தார். கோமதிநாயகம் பேர் கேட்கவில்லை. கண்ணை மூடி நகத்தை ஓட்டினார், ஒன்றுகூடத் தட்டவில்லை. எல்லாமே லேசான கீறல், முடி முடியாக, ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில். அதிலும் இடது விளக்கில், சாலையோரத்தைப் பார்க்கிற முனையில், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. இப்படி ஒரே இடத்தில் கீறல் அண்டி அவர் பார்த்ததில்லை. காற்று அப்படி அடித்திருக்கும் என்று பஞ்சை இன்னொரு தரம் உள்ளே அழுத்தி, துண்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் தேய்த்தார். அவ்வளவு சுத்தமான வேலை அவர் கையிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை. வாளியில் கலங்கிய வெள்ளைத் தண்ணீரைக் கொண்டுபோய் முருங்கை மரத்து அடிமூட்டில் ஊற்றிவிட்டு வந்தபோது சேர்மக்கனி பதினைந்து அடியைத் தாண்டி ஓடிவந்து முகத்துக்கு நேரே நின்றார். உதடு அசைந்தது. எல்லோரும் பார்க்கிற பார்வைதானே என்று கோமதிநாயகம் எப்போதும் போல ஒரு முறை தலையை ஆட்டினார். சேர்மக்கனி அவருடைய ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விளக்குகளை மார்போடு அணைத்தபடி பஸ் ஏறினார்.

மறுநாள் வெள்ளை டாக்சி வந்தது. கொட்டகைக்கு எதிர்ப்பக்கம், சாலைக்கு அப்பால், அது முதன்முதலாக நின்றது. கோமதிநாயகத்தின் கண் முதலில் போனது விளக்குக்கு. இரண்டும் புதுசு போல் பளபளத்தன. நம் கொட்டகை இங்கே இருக்கும்போது எவன் கையிலோ கொடுத்துத் தேய்த்திருக்கிறாரே, என்னிடம் வரக்கூட மனசு இல்லையே என்று அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வேலை சுத்தமாக வேறு இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு அண்ணன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நனையாத துண்டைப் பிழிந்தார். திரும்பிப் பார்த்தபோது சாலை காலியாக இருந்தது.

பங்குனியில், பல் துலக்கிவிட்டு வந்து காப்பிக்கு உட்கார்ந்த பூதலிங்கம் அப்படியே சரிந்துவிட்டார் என்று ஓர் ஆள் வந்து சொன்னார். கோமதிநாயகம் ஓடினார். இந்தத் தடவை அவருக்காக வைத்திருந்தார்கள். தம்பி வந்து முகத்தைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று மதினி நாச்சியார் கதவை மறித்து நின்றதாகச் சொன்னார்கள். கோமதிநாயகம் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு கதறியதைப் பார்த்து, இத்தனை பாசத்தை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தார் என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

சுடுகாட்டில் காடாற்று முடிந்த மறுநாள் காலையில், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, நாச்சியார் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி, ஒண்ணு கேப்பேன். மறைக்கக் கூடாது."

"கேளுங்க மதினி."

"தை மாசம் சேர்மக்கனி லைட்டு கொண்டாந்தாருல்லா, வேட்டியில சுத்தி. அதுல ஒங்க அண்ணன் என்ன சொன்னாக?"

கோமதிநாயகத்துக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது, சாய்ந்து கிடந்த அந்தக் கீறல்கள் அத்தனையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பதினோரு வருடம், வாரத்துக்கு மூன்று தடவை, கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம் அண்ணன் விழுங்கிய பேச்சு அது. அதைத்தான் அவர் தன் கையால் ஒன்று விடாமல் தேய்த்து முருங்கை மூட்டில் ஊற்றியிருக்கிறார்.

நாச்சியார் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனாள். "வாயால சொல்ல அவுகளுக்கு வரல தம்பி. வண்டியக் கொண்டு போங்கன்னுதான் நான் சொன்னேன். வண்டியக் கண்டா அவன் மூஞ்சியத் திருப்பிக்கிடுவான், லைட்டு மட்டும் போகட்டும், பேரு எதுக்கு, என் குரலு தெரியாதா அவனுக்குன்னாக. எல்லாத்தையும் கேட்டுட்டு ஒங்க தம்பி தலைய ஆட்டுனாருன்னு சேர்மக்கனி வந்து சொன்னதும் பிள்ள மாதிரி அழுதாக. மறுநா ஒங்க கடைக்கு நேர நின்னாகளாம், நீங்க திரும்பிக்கிட்டீயளாம். சரி, கோவம் ஆற நாளாவும்னாக. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம ஒரு ஆளுக்குச் சேத்துப் பொங்கச் சொன்னாக. ஆறு ஞாயிறு பொங்குனேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அத்தைய ஏன் அவ்வளவு வெரசா எடுத்தாகன்னு என்கிட்டயும் சொன்னதில்ல. கேட்டா எந்திரிச்சுப் போயிருவாக. அதச் சொன்னாகளா?"

பஞ்சு வைத்திருந்தேன் என்று சொல்லிவிடலாம். அதுதான் நிஜம். நான் ஒன்றுமே கேட்கவில்லை மதினி, கேட்டிருந்தால் அன்றைக்கே ஓடிவந்திருப்பேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதால் அவள் நம்பக்கூடச் செய்வாள். ஆனால் அதைச் சொன்னால், அந்த மனுஷன் பதினோரு வருடம் கழித்து வாயைத் திறந்து பேசினது உலகத்தில் ஒரு காதிலும் விழாமல் போயிற்று என்று ஆகிவிடும். மீதி இருக்கிற நாளெல்லாம் அவள் அதையே நினைத்துக்கொண்டு கிடப்பாள். கோமதிநாயகம் சொம்பைத் தொடவில்லை.

"அதச் சொல்லல மதினி" என்றார். அது பொய்யா மெய்யா என்று அவருக்கே தெரியாது.

"பின்ன?"

"ஏல கோமதி, வீட்டுக்கு வான்னாரு. வேற ஒண்ணுமில்ல. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாரு. அம்புட்டுக் கீறல்லயும் அது ஒண்ணுதான்."

பதினோரு வருடமாக அவர் கேட்க ஆசைப்பட்டது அதுதான் என்பதால் அதைச் சொல்ல அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நாச்சியார் கண்ணை மூடிக்கொண்டாள். "ஏல கோமதி" என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். "ஆமா, அப்படித்தான் கூப்பிடுவாக" என்றாள். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. கோமதிநாயகம் அதைப் பார்த்து, செய்தது சரிதான் என்று நினைத்தார்.

பிறகு அவள் கண்ணைத் திறந்தாள்.

"வீட்டுக்கு வான்னு அம்புட்டுத் தடவ கூப்பிட்டும் ஏன் தம்பி வரல?"

அவர் வாயைத் திறந்தார். பஞ்சு என்கிற சொல் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. வந்த சொல்லை அவர் விழுங்கினார். நாச்சியார் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அம்புட்டுக் கல்லு மனசா ஒங்களுக்கு?" என்று கேட்டாள், கோபமில்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும்.

"ஆமா மதினி" என்றார் கோமதிநாயகம்.